‘வாங்க’ என்று கேட்டால் பிழையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இன்றைய பிள்ளைகளின் பேச்சு தமிழைக் கெடுக்கிறது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மனசு ஆறவில்லை, எழுதுகிறேன்.

என் மகள் வயிற்றுப் பேரன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். ‘எங்கள் வீட்டு விசேஷம்’ என்று பள்ளியில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். “ஆயா முகப்பில் நின்று எல்லாரையும் வாங்க என்று கேட்டார்கள்” என்று எழுதியிருந்தான். ‘கேட்டார்கள்’ மேல் சிவப்பு மையில் கோடு. பக்கத்தில் ‘அழைத்தார்கள்’. மதிப்பெண் குறைந்தது பெரிதில்லை. “நம்ம பேசுறது தப்புத் தமிழா ஆயா?” என்று நோட்டை நீட்டினானே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

செட்டிநாட்டில் அழைப்பது வேறு, வாங்க என்று கேட்பது வேறு. அழைப்பு, பத்திரிகை வைக்கும்போதே முடிந்துவிடுகிறது. படியேறி வந்தவர்களை ஆள் பார்த்து, முறை சொல்லி, “வாங்க அயித்தை”, “வாங்க அண்ணமிண்டி” (அண்ணன் மனைவியை அப்படித்தான் சொல்வோம்) என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். கூட்டத்துக்குப் பொதுவாக ஒரு ‘வாங்க’ போட்டால் போதாது. நான் சிறுமியாக இருந்தபோது ஒரு கல்யாண வீட்டில் என் சின்னம்மா வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், தூணில் சாய்ந்தபடி, பந்தி மேல் பந்தி நடந்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் ஆத்தா வேலை மும்முரத்தில் கேட்க மறந்துபோனார்களாம். யாரோ காதில் போட, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்து, “வாங்க” என்று கேட்டு, கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் சின்னம்மா இலையில் உட்கார்ந்தார்கள். அந்த இடத்தில் ‘அழைத்தார்கள்’ என்று எழுதினால் நடந்தது என்னவென்றே விளங்காது.

கிளம்பும்போது ‘சொல்லிக்கொள்ள’ வேண்டும். சொல்லிக்காமல் போனால் அதுவும் குறைதான்.

கட்டுரையாளர் பழித்த ‘உருட்டு’க்கு வருகிறேன். டிவியில் யாராவது நீட்டி முழக்கினால், “சும்மா உருட்டுறாக ஆயா” என்கிறான் பேரன். நாங்கள் “அளக்குறாக” என்போம். நடுவில் “ரீல் விடுறாக” வந்தது. ‘உருட்டுப்புரட்டு’ என்ற சொல் தமிழில் முன்பே உண்டே! அதன் பாதியை எடுத்துப் பிள்ளைகள் புழங்குகிறார்கள். ரீலை விட்டுத் தமிழுக்குத் திரும்பியிருக்கிறார்கள். இதில் கெட்டுப்போனது எது?

பேச்சைப் பற்றிய பேச்சு நம்மிடம் எவ்வளவு நுணுக்கம் என்று பாருங்கள். வேண்டாத சண்டையில் போய் மாட்டினால் வாயைக் கொடுத்தது. அடுத்தவரிடமிருந்து கிளறிக் கிளறி எடுத்தால் வாயைப் பிடுங்குவது. தெரிந்ததுபோல் ஒன்றைச் சொல்லி உண்மையை வரவழைத்தால் போட்டு வாங்குவது. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சேர்த்தால் போட்டுக் கொடுப்பது. ‘போட்டு’க்குப் பின்னால் வாங்குவதா, கொடுப்பதா என்பதில் ஆளே மாறிவிடுகிறது! ஊருக்கு ஊர் பொருளும் மாறும். ஈழத்தில் கதைப்பது என்றால் சாதாரணமாகப் பேசுவது. இங்கே ஒருவரைப் பார்த்துக் கதை விடாதே என்றால் பொய் சொல்லாதே என்று அர்த்தம்.

நவில், பகர், இயம்பு, செப்பு எல்லாம் பள்ளியில் சொல்லிக்கொடுக்கட்டும், வேண்டும். ஆனால் அந்தந்த வட்டாரத்தில் வழங்கும் திசைச்சொல்லையும் நால்வகைச் சொல்லில் ஒன்றாக வைத்தவர் தொல்காப்பியர். கரிசல் காட்டுப் பேச்சைக் கி. ராஜநாராயணன் 1982-இல் அகராதியாகவே கொண்டுவந்தார். 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை, தன் ஆயா பேசும் தமிழுக்காக வெட்கப்படக் கூடாது. எல்லாச் சொல்லையும் கட்டிக் காக்கச் சொல்லவில்லை. சாதியையும் பெண்ணையும் இழிக்கிற வசவுகள் ஒழியட்டும்.

தங்கள் இதழில் மாதம் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். எந்த ஊர், யார் யாரிடம் எப்போது சொல்வது என்ற விவரத்தோடு வாசகர்கள் எழுதட்டும். எங்கள் பக்கத்துச் சொற்களை எழுதி அனுப்ப நான் தயார்.

பேரனின் நோட்டைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். அவன் ஆசிரியரை நேரில் பார்த்துப் பேசப் போகிறேன். இந்தக் கடிதம் அச்சில் வந்தால் அதையும் கையோடு கொண்டுபோவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவகோட்டை