எந்த ரகம் என்று கேட்டாயே

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா? இங்கே எல்லாரும் சுகம், அப்பாவுக்குத்தான் முட்டிவலி, நடையைக் குறைத்துவிட்டார், பேச்சை மட்டும் குறைக்கவில்லை.

குத்தகைக்கு விட்டிருந்த ஐந்து ஏக்கரிலும் இந்த வருஷம் நீயே சம்பா வைக்கப் போவதாகவும், எந்த ரகம் அதிகம் விளையும் என்றும் கேட்டிருக்கிறாய். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடையில் நான் அப்படிக் கேட்க மாட்டேன், கெட்ட வருஷத்திலும் எது வீடு வந்து சேரும் என்றுதான் கேட்பேன். 2023-ல் ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்து அக்டோபர் 10-க்கே மூடினார்கள், மறு வருஷம் திறந்ததே ஜூலை 28. 2021 ஜனவரியில் அறுப்புக்கு நின்ற கதிர் மழையில் சாய்ந்து வயலிலேயே முளைத்தது. தண்ணீர் வராமலும் கெடும், வந்தும் கெடும்.

பள்ளத்து வயலில் சி.ஆர். 1009 சப் 1 என்ற ரகத்தைப் போடு. ஏறக்குறைய 155 நாள் பயிர். நவம்பர் மழையில் இளம்பயிர் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும், மற்ற ரகங்களைப் போலத் தலையை மேலே நீட்டப் பார்த்துச் சத்தைத் தீர்த்துவிடாமல் அடங்கிக் கிடந்து, வடிந்ததும் மறுபடி தூர் கட்டும். பூக்கும்போது மூழ்கினால் அதுவும் தப்பாது, விதை விற்கிறவர் இதைச் சொல்லமாட்டார். மேட்டில் 130 நாள் டி.கே.எம். 13 போதும். ஆனால் இரண்டு ரகம் வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதே: பள்ளத்து நீண்ட நாள் பயிரை ஆகஸ்ட் நடுவிலும் மேட்டுப் பயிரை ஒரு மாதம் கழித்தும் விதைத்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வாரத்தில் பூக்கும், ஒரே மழை இரண்டையும் கொண்டுபோய்விடும். அதனால் பூக்கும் நாளைக் கணக்குப் போட்டுத்தான் விதைக்கும் நாளை வைக்கவேண்டும்.

அப்புறம் காப்பீடு. சம்பாவுக்கு நாம் கட்டும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம், என்ன பயிர் வைத்திருக்கிறாய் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலை வாங்கி நவம்பர் நடுவுக்குள் கட்டிவிடு. ஆனால் இழப்பைப் பெரும்பாலும் கிராமத்துக்கு மொத்தமாக, சில வயல்களில் மட்டும் அறுத்து எடை பார்க்கும் பயிர் அறுவடைப் பரிசோதனை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஊரெல்லாம் விளைந்து உன் வயல் மட்டும் அழுகினால் பணம் கைக்கு வருவது நிச்சயமில்லை.

உன் பள்ளத்துக்கு வடிகாலை விட்டால் வேறு காப்பு கிடையாது. ஆடிக்குள் தூர்வாரிவிடு, கீழ்வயல்காரரிடம் இப்போதே பேசி வை, மழைக்கு அப்புறம் பேசினால் சண்டையில்தான் முடியும். எப்போது வருகிறாய் என்று எழுது, விதைநெல்லுக்குச் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்