பட்டறைப் பூட்டை மாற்று

ஏற்காடு

அன்புள்ள சண்முகம்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலாமா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கொலுசுப் பட்டறைக் கதவில் புதிதாகப் பளபளவென்று ஒரு பூட்டு மாட்டியிருக்கிறாயே, அதை உடனே மாற்று. செவ்வாய்ப்பேட்டை வந்தபோது பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. அதே மாதிரிப் பூட்டு ஒன்றைக் கடைவீதியில் வாங்கி வந்து, சாவி இல்லாமல் திறந்து பார்த்தேன். ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் திறந்துகொண்டது. உன் பூட்டில் கை வைக்கவில்லை. சொந்தப் பூட்டில்தான் பழகணும், கதவில் தொங்குகிற பூட்டைத் தொடக்கூடாது. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்கு அதுதான் முதல் சட்டம். சைக்கிள் சாவி சமாச்சாரத்தை இப்போது இழுக்காதே.

பிரித்தும் பார்த்தேன். உள்ளே மேலும் கீழுமாகச் சின்னச் சின்ன உலோகக் குச்சிகள் இருக்கும், சாவி தூக்கிவிடுவது அவற்றைத்தான். பின் என்பார்கள். இதில் எல்லாம் மழுமழுவென்ற சாதாரணப் பின்கள். ஒரு கம்பியால், சாவி நுழைகிற உருளையை லேசாக முறுக்கிப் பிடித்து, இன்னொன்றால் பின்களை ஒவ்வொன்றாகத் தூக்கினால் ‘டிக்’ என்று நின்றுவிடும். நல்ல பூட்டில் மேல் பின்கள் சில உடுக்கை போல நடு ஒடுங்கியிருக்கும். ஸ்பூல் பின் என்பார்கள். அங்கேதான் விளையாட்டே. உருளை கொஞ்சம் திரும்பும், திறந்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் பின்னின் இடுப்பு மாட்டிக்கொண்டு நிற்கும். அப்போது முறுக்கைத் தளர்த்தி அந்தப் பின்னை மெல்லத் தள்ளினால், உருளை விரலை எதிர்த்துப் பின்னால் வரும். வர விடணும். கொஞ்சம் அதிகமாக விட்டால் ஏற்கெனவே நின்ற பின்களும் விழுந்து, மறுபடி முதலிலிருந்து. அந்த எதிர்ப்பு விரலில் தட்டுப்படும்போது எனக்குச் சாப்பாட்டு நினைவே வருவதில்லை, சண்முகம். சுற்றிலும் வரிவரியாக வெட்டிய பின்னும் உண்டு. ஒவ்வொரு வரியிலும் பொய்யாக ஒரு ‘டிக்’. அது இன்னும் எனக்கு வசப்படவில்லை.

1851 லண்டன் கண்காட்சியின்போது ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், பிராமா என்ற பூட்டுக் கம்பெனி ‘முடிந்தால் திறந்து பார்’ என்று வைத்திருந்த சவால் பூட்டைத் திறந்து 200 கினி (அந்தக் கால இங்கிலாந்துப் பணம்) பரிசு வாங்கினார். 16 நாளில் 51 மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். உன் பட்டறைக்கு அவ்வளவு வேண்டாம், பாராக்காரர் ஒரு சுற்று வருகிற வரைக்கும் தாங்கினால் போதும்.

திருடன் பெரும்பாலும் கடப்பாரையோடுதான் வருவான், தெரியும். அதனால் கொண்டியையும் மாற்று. அது ஆடுகிறது. உள்ளே இருப்பது உன் வெள்ளி மட்டுமில்லை, கூலிக்குக் கொடுத்தவர்களின் வெள்ளியும்தான். அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

அப்பா காலத்துத் திண்டுக்கல் பூட்டை எடைக்குப் போட்டாயே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. அது லீவர் வகை, பின்னுக்குப் பதிலாகத் தகடுகளைச் சாவி தூக்கும், அதன் கதையே வேறு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள், நீ பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருக்கிறாய்!

கடையில் ஸ்பூல் பின் உள்ள பூட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கு. தெரியாது என்றால் வேறு கடைக்குப் போ. ஞாயிற்றுக்கிழமை ராமுவோடு பஸ் ஏறி இங்கே வா, வளைவுகளில் அவனை முன்சீட்டில் உட்கார வை. உன் கையிலேயே கம்பியைக் கொடுத்துக் காட்டுகிறேன். கொலுசுக்குப் பற்றவைக்கிற விரல், என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

அன்புடன்,
செல்வம்