லிட்டில் இந்தியா உறவுகளுக்கு என் நன்றி

பினாங்கு லெபோ பசார் கடைக்காரர்களுக்கும், வெள்ளிக்கிழமை பஜனைக் குழுவினருக்கும், பெரியாஸ்பத்திரியில் என்னைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் வணக்கம். ஒவ்வொருவரிடமும் நேரில் வந்து சொல்லத்தான் ஆசை. தலைசுற்றல் இன்னும் முழுதாக விடவில்லை, அதனால் எழுத்தில்.

அன்று என் பூக்கடையில் பூமாலை கட்டிக்கொண்டிருந்தபோது இடது காது சட்டென்று அடைத்தது. ஒரே இரைச்சல், கடையே சுழன்றது, வாந்தி நிற்கவில்லை. காற்று பட்டிருக்கும், தைலம் தேய் என்று பலர் சொன்னார்கள், அன்பாகத்தான். துணிக்கடைத் தம்பி மட்டும் “அண்ணன் வார்ஃபரின் சாப்பிடுறவரு, வண்டிய எடு” என்றார். ரத்தம் உறையாமலிருக்க நான் சாப்பிடும் மருந்து அது. மேசையிலிருந்த மருந்துப் பையையும் ரத்தப் பரிசோதனைப் புத்தகத்தையும் மறக்காமல் அள்ளி வந்தார். தம்பி, அந்தப் புத்தகம்தான் டாக்டருக்குப் பாதிக் கதையைச் சொன்னது.

பக்கவாதமோ என்று முதலில் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். அங்கே கசிவில்லை. இதயத்தில் செயற்கை வால்வு உள்ள எனக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் எண்) 2.5க்கும் 3.5க்கும் நடுவில் இருக்கவேண்டும். அன்று 6ஐத் தாண்டியிருந்தது. இருமலுக்குச் சாப்பிட்ட ஆண்டிபயாட்டிக் வார்ஃபரினின் வீரியத்தை ஏற்றிவிட்டதைக் கண்டுபிடித்தவர் மருந்தாளர் அம்மா. வால்வு அட்டையைக் கேட்டு வாங்கி, ரகத்தைச் சரிபார்த்த பிறகே எம்.ஆர்.ஐ. என்ற காந்த ஸ்கேனுக்குள் விட்டார் தாதி. சாய மருந்து ஏற்றும் முன்பே உட்காது வெள்ளையாகத் தெரிந்ததாம்: ரத்தம்.

வார்ஃபரினைத் தொடர்ந்தால் காதில் கசியும். நிறுத்தியே வைத்தால் வால்வில் ரத்தம் உறைந்து கட்டியாகும். காது டாக்டரும் இதய டாக்டரும் ஒருவர்மேல் ஒருவர் தள்ளிவிடாமல் என் கட்டிலருகே நின்றே பேசி முடிவெடுத்தார்கள். தினமும் ரத்தம் பார்த்து அளவை இறக்கினார்கள். ஸ்டீராய்டு மாத்திரை, செவிப்பறை வழியாக ஊசி, எல்லாம் நடந்தது. “ரத்தக்கசிவென்றால் காது திரும்பக் கேட்பது கஷ்டம்” என்று காது டாக்டர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். அதற்குத் தனி நன்றி. இடது காது கேட்கவில்லைதான், ஆனால் யாரும் என்னை ஏய்க்கவில்லை.

விரலைப் பார்த்தபடி தலையைத் திருப்பச் சொல்லி நடக்கவைத்த பிசியோ தங்கைக்கும், கஞ்சி கொடுத்தனுப்பிய மலாய்க்கார அக்காவுக்கும் நன்றி. ஒரு காதுக்காரனுக்கு ஹாரன் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்றே பிடிபடாது; ரோட்டைத் தாண்ட கைபிடிக்கும் நாணயமாற்றுக்கடை பாய்க்கும் நன்றி.

பஜனைக்காரர்களே, அடுத்த வெள்ளி வருகிறேன். வரிசையில் இடது கோடியில் இடம் போடுங்கள், ஆர்மோனியம் எனக்கு வலப்பக்கம் இருக்கட்டும். கஞ்சிரா தாளம் தப்பினால் தொடையில் தட்டுங்கள்.

இப்படிக்கு,
பூக்கடை அண்ணன்