பெரியம்மாவுக்கு, முழுக்குக்கு முன்

அன்புள்ள பெரியம்மா,

என் முழுக்கு ஞானஸ்நானத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது. ரங்கூன் தம்வேயிலிருந்து பக்கத்துத் தன்லினுக்குச் செய்தி வர எவ்வளவு நேரம் ஆகும், உங்கள் காதுக்கு எப்போதோ எட்டியிருக்கும். எந்தச் சபை, எந்தப் போதகர் என்று இங்கே எழுதப் போவதில்லை. நம் பழைய சபையாரும் இதைப் படிப்பார்கள். அம்மாவின் அடக்கத்தன்று நடந்ததையும் தொடவில்லை. அந்தக் கோபத்தில்தான் போகிறான் என்று பேசுகிறவர்கள் பேசட்டும்.

உங்களுக்கு வலிக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் கைக்குழந்தையாய் என்னை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் நின்றபோது என்னை யாரும் கேட்கவில்லையே. பிசாசை வெறுக்கிறாயா என்று கேட்டால், குழந்தையின் பேரில் ஞானத்தாய் பதில் சொல்வது ஆங்கிலிக்கன் முறை. சொன்னது நீங்கள்.

ஒரு மழைக்கால சாயங்காலம், கரண்ட் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து கைலி மூட்டிக்கொண்டிருந்தீர்கள். "அன்னிக்கு எனக்காக என்ன சொன்னீங்க பெரியம்மா?" என்றேன். நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, "பாதிரி ஐயர் கேட்டதுக்கெல்லாம் சரின்னேன். நீ வீல்னு கத்தினதுல எனக்கு ஒண்ணும் காதுல விழலை" என்றீர்கள். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் ஊசியை என்னிடம் நீட்டினீர்கள். உங்களுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. நூல் உள்ளே போகாமல் நான் திணறியபோது என் தலைமேல் கையை வைத்துக்கொண்டு பேசாமல் காத்திருந்தீர்கள். அந்தக் கையை நினைத்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா என்று இப்போதும் தோன்றுகிறது.

ஆனால் உங்கள் வாக்கு அந்தச் 'சரி'யோடு முடிந்துபோயிற்று. வேதம் எடுத்து எனக்கு ஒரு வசனம் சொல்லித் தந்ததுண்டா? என் வெள்ளைக் கவுனை மட்டும் பிஸ்கட் டப்பாவில் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினீர்கள்.

ஒருவனுக்கு இரண்டு தரமா என்பீர்கள். அமெரிக்காவிலிருந்து பர்மாவுக்கு வந்த மிஷனரி ஜட்சன் ஐயரும் குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபையிலிருந்து வந்தவர்தான். கப்பலில் வேதத்தைப் புரட்டிப் புரட்டி மனம் மாறி, 1812 செப்டம்பரில் கல்கத்தாவில் முழுக்கு எடுத்தார். அனுப்பிவைத்த அமெரிக்கச் சங்கத்தை விட்டு விலக வேண்டியதாயிற்று. 1813இல் ரங்கூனில் வந்து இறங்கினார். அவர் மூலம் விசுவாசியான முதல் பர்மியர் மாங் நாவுக்கு முழுக்குக் கொடுத்தது 1819இல்தான். ஒரு குளத்தில், கரையில் பெரிய புத்தர் சிலை. முழுக்குச் சபையாரான பாப்டிஸ்டுகள் அந்தக் குளத்தைப் பற்றித்தான் பெருமையாகப் பேசுவார்கள். எனக்கு, ஒருவரும் வராத அந்த ஆறு வருஷம்தான் பெரிதாகத் தெரிகிறது.

யோர்தானிலிருந்து கரையேறிய இயேசுவுக்கு விருந்தா வைத்தார்கள்? ஆவியானவர் உடனே வனாந்தரத்துக்கு அனுப்பினார். ஊழியமெல்லாம் அதற்குப் பிறகு. பேர் வைத்து, பதிவேட்டில் எழுதி, பிரியாணி போட்டதோடு உங்களுக்கு எல்லாம் முடிந்தது. எனக்கு இது வேலைக்குப் பேர் கொடுப்பது மாதிரி. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு பகோ பக்கத்துத் தமிழ்க் கிராமங்களுக்குப் போகிறேன். சோற்றுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். தெரியாது. அதற்காக உங்களிடம் வந்து நிற்க மாட்டேன், சரியா?

வந்தால் முன்வரிசையில் இடம் போட்டு வைக்கிறேன், படி இறங்கக் கைபிடித்துக்கொள்ள ஆளும் இருக்கும். வராவிட்டாலும் சரி, இவன் மதம் மாறிவிட்டான் என்று மட்டும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அம்மா இருந்திருந்தால் உங்களோடு சேர்ந்துகொண்டு என்னைத் திட்டியிருப்பாள், அது வேறு.

உங்கள் ஞானமகன்