லெ போனுக்கு முன்பே சிகேலே

ஆசிரியருக்கு வணக்கம்.

கூட்ட உளவியல் குறித்த தங்கள் ஞாயிறு கட்டுரை, பிரான்சின் குஸ்தாவ் லெ போனை அத்துறையின் தந்தை என்கிறது. பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனாலும் அது நியாயமில்லை.

கூட்ட உளவியல் பற்றிய லெ போனின் நூல் வெளிவந்தது 1895இல். இத்தாலியரான சிபியோ சிகேலே, 1891இலேயே கூட்டத்தின் குற்றங்களைப் பற்றித் தனி நூல் எழுதிவிட்டார். அப்போது அவருக்கு வயது 23தான். மறு ஆண்டே அது பிரெஞ்சிலும் வந்தது. என் கருத்துகளை லெ போன் தனதாக்கிக்கொண்டார் என்று சிகேலே வெளிப்படையாகவே குற்றம்சாட்டினார். கூட்டத்தில் அறிவு மங்கி உணர்ச்சி மேலோங்குகிறது என்பதை சிகேலே முன்பே சொல்லியிருந்தார் என 1921இல் உளவியல் அறிஞர் பிராய்டும் குறிப்பிட்டிருக்கிறார். மனிதர் ஒருவரைப் பார்த்து ஒருவர் நடந்துகொள்ளும் 'போலச்செய்தல்' பற்றி பிரெஞ்சு சமூகவியலாளர் கப்ரியேல் தார்த் 1890இல் எழுதியதும் லெ போனுக்கு முன்புதான்.

யார் முந்தினார் என்பதோடு இது முடிந்துவிடவில்லை. சிகேலே கேட்டது சட்டம் சார்ந்த கேள்வி: கூட்டமாகச் செய்த குற்றத்தில் தனி மனிதனின் பொறுப்பு எவ்வளவு? லெ போனோ கூட்டத்தை எப்படி வசப்படுத்துவது என்று தலைவர்களுக்குச் சொல்ல முற்பட்டார். 1871இல் பாரிஸ் நகரை எழுச்சியாளர்கள் கைப்பற்றி ஆண்ட பாரிஸ் கம்யூனையும் வேலைநிறுத்தங்களையும் கண்டு மிரண்டிருந்த மேல்தட்டினருக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை. அவர் புகழுக்கு அதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து. கும்பல் வன்முறை வழக்குகளில் நீதிமன்றங்கள் இன்றும் எதிர்கொள்வது சிகேலேயின் கேள்வியைத்தான்.

தொடரின் அடுத்த பகுதியிலாவது அவர் பெயர் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்