ஒழுகாத ஓர் அறையும் அதன் சாவியும்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். கண்காட்சிக்கான உடைகளை வைக்க ஓர் அறை கேட்டு நாங்கள் கொடுத்த மூன்று விண்ணப்பங்களும் உங்கள் மேசையில் இருக்கின்றன, பழைய கதையைத் திரும்பச் சொல்லவில்லை. போன வாரம் பெய்த மழையில் மாடிப்படிக்குக் கீழுள்ள ஸ்டோர் ரூமுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. நம் முன்னாள் மாணவிகளிடமிருந்து கண்காட்சிக்குச் சேர்த்த உடைகளெல்லாம் அங்கேதான் டிரங்குப் பெட்டிகளில் இருந்தன.

அவற்றில் ஒரு வெள்ளை லேப் கோட். எண்பதைத் தாண்டிய முன்னாள் மாணவி ஒருவர் திருவல்லிக்கேணியிலிருந்து தானே ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தது. காலரைத் திருப்பி, ஹாஸ்டல் வண்ணார் சேங்கொட்டைச் சாற்றால் போட்ட குறியைக் காட்டினார். "எத்தனை வெளுப்பு வெளுத்தும் போகலை, பாரும்மா" என்றார். அறுபது வருடம் அவர் வீட்டு பீரோவில் காடாத் துணிக்குள் பத்திரமாக இருந்த கோட், நம்மிடம் வந்த ஐந்தே வாரத்தில் முதுகு முழுக்கப் பூசணம் பிடித்துவிட்டது. குறி மட்டும் அப்படியே இருக்கிறது. நான்தான் அவருக்கு போன் செய்தேன். வெகுநேரம் பேச்சே இல்லை. பிறகு, "நீ அழாதேம்மா" என்றார்.

ஒழுகாத ஓர் அறை, அதன் சாவி. கேட்டது இவ்வளவுதான்.

பழந்துணிக்கு எதற்கு அறை என்று கூட்டத்தில் கேட்டீர்கள். 1879இல் கட்டி முடித்த சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸை வடிவமைத்தவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. அங்கே பட்டம் வாங்கப் போன பெண்கள் என்ன உடுத்திப் போனார்கள் என்பது அவரவர் வீட்டுப் பெட்டிகளில்தான் இருக்கிறது. 1943இல் கிண்டியில் பொறியியல் முடித்த, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அ. லலிதாவின் சான்றிதழில் அச்சாகியிருந்த 'ஹீ'யை அடித்து 'ஷீ' என்று திருத்தினார்கள். அந்தத் தாள் பிழைத்ததால் நமக்குத் தெரிகிறது. நம் கல்லூரியில் அப்படி எது பிழைத்திருக்கிறது? பழைய குழுப் படங்கள் வெள்ளையடிக்கும்போது கழற்றப்பட்டவை, திரும்ப மாட்டப்படவே இல்லை. ஆண்டு விழா மேடைக்கு ஒரே நாளில் பணம் ஒதுக்க முடிகிறது. ஓர் அறையைத் திறக்க நான்கு மாதம் போதவில்லை.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் டிசம்பர் வரை இருக்கிறது. என்சிசி காக்கிச் சட்டைகளும் இரண்டு பட்டமளிப்பு அங்கிகளும் இப்போது என் ஹாஸ்டல் கட்டிலின் மேல் இருக்கின்றன. முதல் மாடியில் பழைய வாசிப்பறை பூட்டியே கிடக்கிறது. வரும் திங்கட்கிழமைக்குள் அதன் சாவியை எங்களிடம் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பெருக்கித் துடைப்பதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கண்காட்சிக் குழுவுக்காக,
முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு மாணவி
சென்னை