ரகசியத்தைக் கசியவிட்டது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழை முப்பது வருடத்துக்கும் மேலாக வாங்குகிறவள் நான். போன வாரத் தலையங்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். உளவு அமைப்புகளைக் கேள்வி கேட்க எம்பிக்கள் குழு அமைத்தால், காலையில் சொன்ன ரகசியம் மாலையில் டீக்கடைக்கு வந்துவிடும் என்று. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. இந்த நாட்டில் பெரிய ரகசியங்கள் எந்த வாசல் வழியாக வெளியே போயின என்பது உங்களுக்குத் தெரியாததா?

1985 ஜனவரியில், டெல்லியில் அரசு ஆவணங்களை வாங்கி விற்ற கூமர் நாராயண் என்பவரின் உளவு வழக்கு வந்தபோது நீங்களும் பத்திரிகைத் துறையில்தான் இருந்திருப்பீர்கள். பிரதமர் அலுவலகத்து ஆவணங்களே வெளியே போய், நகலெடுக்கப்பட்டு, திரும்பிப் போயிருந்தன. கொண்டுபோனவர்கள் உள்ளேயே இருந்த உதவியாளர்கள். தன் மீது குற்றச்சாட்டு இல்லாதபோதும் பிரதமரின் முதன்மைச் செயலாளர் பி.சி.அலெக்சாண்டர் பொறுப்பேற்று விலகினார். பிறகு நம் மாநிலத்துக்கே ஆளுநராக வந்தவர் அவர். 2004இல் நம் வெளிநாட்டு உளவு அமைப்பான 'ரா'வின் இணைச் செயலாளர் ரவீந்தர் சிங், தன் அலுவலகமே தன்னைக் கண்காணித்துக்கொண்டிருந்தபோது நேபாளம் வழியாக அமெரிக்காவுக்குத் தப்பிப் போனார். இந்த இரண்டிலும் எந்த எம்பி குழு கசியவிட்டது? அப்படி ஒரு குழு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இல்லாத குழுவின் மேல் பழி போட்டிருக்கிறீர்கள்.

நான் 31 வருடம் அரசு அலுவலகத்தில் சுருக்கெழுத்துத் தட்டச்சராக இருந்தேன். அதில் 14 வருடம் மந்தணப் பிரிவில், அதாவது ரகசியக் கோப்புகள் வரும் பிரிவில். அந்தக் காலத்தில் ஒருமுறை தட்டச்சு செய்த கார்பன் தாளை விளக்குக்கு எதிரே பிடித்தால் எழுத்து அப்படியே தெரியும். அதனால் சாயங்காலம் கார்பன்களை எண்ணி, பின்கட்டில் ஒரு தகர டின்னில் போட்டு எரித்து, சாம்பலைக் கிளறிப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவேன். புகை வாடையோடுதான் பஸ் ஏறுவேன். என் கணவருக்குக்கூட ஒரு தாளைப் பற்றியும் நான் சொன்னதில்லை. ரகசியம் காப்பது எப்படி என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அந்த 14 வருடத்தில் இரண்டு தாள்கள் வெளியே போயின. இரண்டுமே ஓர் அதிகாரியின் மேசையிலிருந்து போனவை. மெமோ வாங்கியது நான். இன்னொன்றும் சொல்கிறேன். 'மந்தணம்' என்று முத்திரை குத்தி என் கைக்கு வந்தவற்றில் நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை மிகக் கொஞ்சம். யாரோ செய்த தவறு வெளியே தெரியாமல் இருக்க முத்திரை விழுந்தவைதான் நிறைய.

அப்படிப்பட்ட ஒரு முத்திரையில்தான் என் தம்பியின் வாழ்க்கை போயிற்று. 1983இல் மத்திய அரசுத் தேர்வு எழுதித் தேறினான். விசாரணை எல்லாம் முடிந்த பிறகு, 'நியமனம் செய்ய இயலாது' என்று ஒரு பழுப்பு உறை வந்தது. காரணம் இல்லை. அப்பா அந்த உறையை எடுத்துக்கொண்டு மூன்று அலுவலகங்களுக்கு அலைந்தார். உளவுக் குறிப்பு, சொல்ல முடியாது என்று ஒருவர் மட்டும் வாய்விட்டுச் சொன்னார். ஏழெட்டு வருடம் கழித்து, பணியில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் மூலம் விஷயம் தெரிந்தது. பக்கத்து ஊரில் அதே பெயர், அதே இன்ஷியலில் இன்னொருவர் இருந்திருக்கிறார். அவரைப் பற்றிய குறிப்பு இவன் கோப்பில் ஏறிவிட்டது. அதற்குள் தம்பி பஸ் ஸ்டாண்டு அருகே ஜெராக்ஸ் கடை போட்டு, வயது வரம்பையும் தாண்டியிருந்தான். 2012இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்த்தோம். உளவு அமைப்புகளுக்கு விலக்குத் தரும் பிரிவு 24-ஐக் காட்டி மூன்று வரியில் பதில் வந்தது. 2016இல் அவன் போய்விட்டான். உறை என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

இது எங்கள் வீட்டோடு முடிந்த கதை இல்லை. நாகர்கோவிலில் படித்து வளர்ந்த இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனை 1994 நவம்பர் 30 அன்று கைது செய்தார்கள். கிரையோஜெனிக் ராக்கெட் எஞ்சின் ரகசியத்தை விற்றார் என்றார்கள். ஐம்பது நாள் சிறை. உளவுத் துறை அதிகாரிகளும் அவரை விசாரித்தார்கள். 1996இல் சிபிஐ, வழக்கில் உண்மை இல்லை என்றது. உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது 2018 செப்டம்பரில். இருபத்து நான்கு வருடம்! இத்தனை காலத்தில் உளவுத் துறையைக் கூப்பிட்டு, "எந்த ஆதாரத்தில் இவரை நெருங்கினீர்கள்?" என்று கேட்க நாடாளுமன்றத்தில் ஓர் அறைகூட இல்லை. கைதானபோது வாரக்கணக்கில் பக்கம் பக்கமாக எழுதிய பத்திரிகைகள், தீர்ப்பு வந்தபோது எவ்வளவு இடம் கொடுத்தன? அன்று நான் உங்களுக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். இரண்டு வரி வந்தது. வருத்தப்பட்டேன், ஆனால் சந்தாவை நிறுத்தவில்லை.

பிரிட்டனில் 1994இல் சட்டம் போட்டு, இரு அவைகளிலிருந்தும் ஒன்பது பேர் கொண்ட குழு அமைத்தார்கள். அவர்கள் அரசு ரகசியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அறிக்கை முதலில் பிரதமரிடம் போகும். வெளியிடக் கூடாத இடங்களில் நட்சத்திரக் குறி போட்டு மற்றதை மக்களுக்குத் தருகிறார்கள். அமெரிக்காவில் 1976 முதல் செனட்டில் நிரந்தரக் குழு இருக்கிறது. அந்நாட்டு உளவு அமைப்பான சிஐஏவின் சித்திரவதைகளை அது விசாரித்தபோது, குழுவின் கணினிகளுக்குள் நுழைந்தது சிஐஏ ஆட்கள். 2014இல் மன்னிப்புக் கேட்டதும் சிஐஏதான். நம்மாலும் முடியாததில்லை. திருச்சியில் பிறந்த பாதுகாப்பு வல்லுநர் கே.சுப்பிரமணியம் தலைமையில் தயாரான கார்கில் போர் ஆய்வுக்குழு அறிக்கையை 2000இல் நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். மறைக்க வேண்டிய பகுதிகளை மறைத்துவிட்டுத்தான் வைத்தார்கள். அதனால் எந்தக் கேடும் வந்துவிடவில்லை.

இங்கே உள்நாட்டு உளவுத் துறையான ஐபி 1887இலிருந்து இருக்கிறது, ரா 1968இலிருந்து. இரண்டுக்கும் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் கிடையாது. போனை ஒட்டுக்கேட்க உத்தரவிடுவதும் அதிகாரிகள், அந்த உத்தரவு சரியா என்று பார்க்கும் குழுவிலும் அதிகாரிகள்தான். போனுக்குள் புகுந்து வேவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் விவகாரத்தில் 2021 ஜூலையில் நாடாளுமன்ற நிலைக்குழு கூப்பிட்டது. அமைச்சக அதிகாரிகள் வரவே இல்லை. உச்ச நீதிமன்றக் குழுவுக்கும் அரசு ஒத்துழைக்கவில்லை என்று தலைமை நீதிபதியே அடுத்த வருடம் சொன்னார். மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களை நம்ப முடியாது, தேர்வெழுதி வந்தவர்களை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டும் என்றால், நாங்கள் எதற்கு வரிசையில் நிற்கிறோம்?

எம்பிக்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தேர்ந்தெடுத்த பத்துப் பேர், வாக்குறுதி எடுத்துக்கொண்டு, மூடிய அறையில் உட்கார்ந்து, கோப்பைப் பார்த்துக் கேள்வி கேட்கட்டும் என்கிறேன். ஒரு தட்டச்சரை நம்பிக் கோப்பைக் கொடுக்கிற அரசு, அவர்களை நம்பக் கூடாதா?

2011இல் காங்கிரஸ் எம்பி மணீஷ் திவாரி, உளவு அமைப்புகளைச் சட்டத்துக்குள் கொண்டுவர தனிநபர் மசோதா ஒன்று கொண்டுவந்தார். கண்காணிப்புக் குழு, தீர்ப்பாயம், குறைகேள் அதிகாரி என்று அதில் எல்லாம் இருந்தன. அது சட்டமாகவில்லை. அந்த மசோதாவில் என்ன இருந்தது என்று அடுத்த இதழில் ஒரு பக்கம் தமிழில் போடுங்கள். நம் எம்பிக்களிடம் அதை ஆதரிப்பார்களா என்றும் கேட்டு எழுதுங்கள். டீக்கடை வரியைத் திரும்பப் பெற முடிந்தால் பெறுங்கள்.

இந்தக் கடிதம் நீளம் என்று தெரியும். வெட்டுவதாக இருந்தால் தம்பியைப் பற்றிய பத்தியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுருக்கெழுத்துத் தட்டச்சர்,
திருச்சி